கொப்பிகளின் ஊர்: மட்டக்களப்பில் ஆறு நாள்

முதலாம் நாள்

கொழும்புக் கோட்டையில் விடியக்காலையில் ஏறிய உதயதேவி ரயில் மட்டக்களப்பில் என்னை இறக்கிவிட்டபோது பின்னேரம் மூன்று மணி கழிந்திருந்தது. கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதை பிரிந்து போனதும் பெட்டிக்குள் பேச்சின் ஓசை மாறத் தொடங்கியது. வெலிகந்தை, புனானை, வாழைச்சேனை என்று பெயர்ப்பலகைகள் ஓடின. முன்னால் இருந்த அம்மா கச்சான் கடலைச் சரையை என் பக்கம் நீட்டி, “எடுங்ககா, எவ்வளவு நேரந்தான் யன்னலப் பாத்துக்கிட்டு இரிக்கிற?” என்றார். அந்தக் ‘கா’ காதில் விழுந்ததும் ரயில் இன்னும் ஏறாவூரைத் தாண்டவில்லை என்பது மறந்துபோனது. எனக்கு ஊர் வந்துவிட்டது.

நான் வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்கிறேன். பெற்றோர் யாழ்ப்பாணம்; நான் பிறந்து வளர்ந்தது கொழும்பு. கிழக்கில் அச்சாகும் புத்தகங்களைத் தேடி வருகிறவர்களிடம் “இல்லை” என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அதனால் பதினொரு புத்தகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஆறு நாள் லீவு போட்டு வந்திருக்கிறேன். தங்குவது கல்லடி உப்போடையில், தோழி ஒருத்தியின் அம்மா வீட்டில். நான் மாமி என்று கூப்பிடுகிறேன். அவர் என்னைப் ‘புள்ள’ என்கிறார்.

இரவு கல்லடிப் பாலத்துக்கு நடந்தோம். இரண்டு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பழைய இரும்புப் பாலத்துக்கு ஆங்கிலேய ஆளுநர் மானிங்கின் மனைவியின் பெயர், லேடி மானிங் பாலம். 2013இல் புதிய பாலம் திறந்தபின் வாகனங்கள் அதில் போகின்றன. பழையது நடக்கிறவர்களுக்கும் காற்று வாங்குகிறவர்களுக்கும் என்றாகிவிட்டது. பௌர்ணமிக்கு இன்னும் சில நாள் இருந்தது. ஒரு தோணிக்கார ஐயா எங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பாலத்தடியில் நிறுத்தினார். துடுப்பைத் தண்ணீருக்குள் நட்டு, மேல்முனையில் காதை வைக்கச் சொன்னார். முதலில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பிறகு ஒரு மெல்லிய சுருதி வந்தது. பித்தளைச் செம்பின் விளிம்பை ஈரவிரலால் சுற்றித் தேய்த்தால் வருமே, அப்படி. ஏறவில்லை, இறங்கவில்லை, நின்றபடி நின்றது.

“மீனெண்டு சொல்ற. ஊரிதான் பாடுற எண்டும் சொல்ற ஆக்கள் இரிக்காங்க” என்றார் ஐயா. ஊரி என்றால் வாவியில் வாழும் சிறு சங்கு. சுவாமி விபுலானந்தர் இந்த ஒலியைத்தான் நீரர மகளிரின், நீரில் வாழும் தேவமகளிரின் பாட்டாக, பழந்தமிழ் இசையை ஆராயும் தன் யாழ் நூலில் பாடி வைத்தார். ஊரியோ மீனோ மகளிரோ, நான் காதை எடுக்க மனமில்லாமல் இருந்தேன். மாமிதான் பனி பிடிக்கும் என்று என்னை எழுப்பினார்.

இரண்டாம் நாள்

காலையில் சிவானந்தா வித்தியாலயம். மாமி வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். 1929இல் விபுலானந்தர் தொடங்கிய பள்ளிக்கூடம். அவருடைய சமாதியும் இங்கேயே இருக்கிறது. அவருடைய பாட்டு ஒன்றை அதில் பொறித்திருக்கிறார்கள். பள்ளி தொடங்குகிற நேரம். வெள்ளைச் சட்டைப் பொடியன்கள் ஓடிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்துக்குக் கிட்ட வந்ததும் வேகத்தைக் குறைத்து நடந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்த மாதிரித் தெரியவில்லை, கால் பழகிய பழக்கம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாவது தமிழ்ப் பேராசிரியர், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். யாழ் நூலுக்கு அவர் கொடுத்தது பதினான்கு ஆண்டு. அது அரங்கேறியது 1947 யூன், திருக்கொள்ளம்பூதூரில். யூலை 19ஆம் திகதி அவர் இல்லை. இந்த இரண்டு திகதிகளையும் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். சமாதிக்கு முன்னால் நிற்கும்போதுதான் நடுவில் உள்ள அந்தச் சில வாரங்கள் உறைத்தன.

அங்கிருந்து பாலத்தைத் தாண்டிப் புளியந்தீவு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை. பத்து ஆண்டில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். பின்னாளில் கச்சேரியும் இதற்குள்தான் இருந்தது, பிறப்பு அத்தாட்சிக்கும் காணி விசயத்துக்கும் சனம் பீரங்கிகளைக் கடந்து போய்வந்தது. காந்தி பூங்காப் பக்கம் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. 1814இல் வந்து மெதடிஸ்த மத்திய கல்லூரியைத் தொடங்கியவர். வெயில் ஏறிவிட்டது, நான் அதிகம் நிற்கவில்லை.

நிற்க வேண்டிய இடம் சந்தை. வாவி நண்டு உயிரோடு, காலை வாழைநாரால் கட்டிக் கிடந்தது. மாமி ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பாரம் பார்த்தார், பிறகு அடிவயிற்றை விரலால் அமத்தினார். அமுங்கினால் தோடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணிதான் இருக்குமாம். ஒன்பதைப் பார்த்து நான்கை எடுத்தார். கூனியும் ஒரு சுண்டு வாங்கினோம். கூனி என்றால் நகத்தளவு கூட இல்லாத இறால், காய வைத்தது. யாழ்ப்பாணத்துச் சமையலில் எங்கள் வீட்டில் அதைக் கண்டதில்லை.

மத்தியானம் நண்டுக்கறி. கொச்சிக்காய்த் தூளும் தேங்காயும் சோம்பும் கொஞ்சம் அரிசியும் சேர்த்துக் கருக்காமல் வறுத்து அம்மியில் அரைத்தார். நண்டின் கால்களை அந்த அம்மியிலேயே வைத்துக் குழவியால் ஒரே ஒரு தட்டு. தோடு வெடிக்க வேண்டும், சதை நசியக் கூடாது. இறக்குவதற்கு முன் ஒரு பிடி முருங்கையிலை. பக்கத்தில் மாங்காய் போட்ட பாலாணம். ஆணம் என்ற சொல்லைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். இங்கே அது அடுப்பில் கொதிக்கிறது.

சாப்பிட்டு முடிந்ததும் மாமி அலுமாரியைத் திறந்து ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த மட்டைக் குறிப்பேடு, எடுத்து வந்தார். மட்டை கிழிந்து, ஓரத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. சமையல் குறிப்பு என்று நினைத்தேன். உள்ளே முழுக்கக் கவி. வயலில் அருவி வெட்டும்போதும் (கதிர் அறுக்கும்போதும்) தாலாட்டும்போதும் அவருடைய அம்மா பாடியவை, நாலு நாலு வரியாக. “அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவ. படுக்கையில விழுந்தாப் பொறவு நான் பக்கத்தில இருந்து கேட்டுக் கேட்டு எழுதின” என்றார். எழுபத்து மூன்று கவிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக இடம்: வட்டைக்குள்ள, தொட்டிலடியில, கிணத்தடியில. வட்டை என்றால் வயல்வெளி.

மூன்றாம் நாள்

இன்று வெக்கை. வைகாசிக் கச்சான் காற்று மணலை அள்ளி வீசுகிறது. புத்தக வேட்டைக்குப் போய்ப் பதினொன்றில் நான்கு கிடைத்தன.

நகரத்தில் ஒரு கடைக்காரர் பழைய பிரதி ஒன்றை எடுத்துக் காட்டினார், விற்பதற்கு அல்ல. பண்டிதர் வீ.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’, 1964. இந்த மண்ணின் பேச்சு, கவி, கூத்து, கோயில், உணவு எல்லாவற்றையும் ஒரே கட்டுக்குள் கொண்டுவந்த புத்தகம். தாள் பழுத்துப் பிஸ்கட் போல இருந்தது. நான் கையில் வாங்கப் பயந்தேன். அவரே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “இஞ்ச எழுதினவர்தான் அச்சடிக்கிற, அவர்தான் சைக்கிள்ள கொண்டு திரிஞ்சு விக்கிற. சில நூறு பிரதி முடிஞ்சா அது முடிஞ்சதுதான்” என்றார். என் கடையின் இறாக்கையில் கிழக்குக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு முழங்கூட இல்லை. இதைப் போனதும் முதலாளியிடம் சொல்லப் போகிறேன்.

நாளைக்குப் படுவான்கரை.

நான்காம் நாள்

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரையும் படுகிற கரையும். இவ்வளவு அழகான இரண்டு இடப்பெயர்களை நான் வேறெங்கும் கேட்டதில்லை. முன்பு மண்முனைத்துறையில் பாதை ஏறித்தான் அக்கரைக்குப் போவார்களாம். இங்கே பாதை என்றால் சனத்தையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக் கடக்கிற மிதவை. 2014இல் பாலம் வந்துவிட்டது. ஓட்டோவில் ஐந்து நிமிடத்தில் தாண்டினோம். ஓட்டுகிற தம்பியே இரவு கூத்தில் திரௌபதி என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கும்பிட்டோம். போர்த்துக்கேயனுக்கு முன்னால் புல் தின்ற கல்நந்தியின் கதையை ஐயர் சொல்லவில்லை, பூமாலை கட்டிக்கொண்டிருந்த பாட்டி சொன்னார், நேற்று நடந்தது போல. அங்கிருந்து இன்னும் உள்ளே ஒரு கிராமம். இரண்டு பக்கமும் சிறுபோக வேளாண்மை பச்சையாக நின்றது. ஒரு வீட்டில் எருமைத் தயிர் சட்டியோடு வைத்தார்கள். கவிழ்த்தாலும் விழாது. மேலே காட்டுத் தேன் ஊற்றித் தந்தார்கள். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கூத்துக்கு இடம் இருக்காது.

இருட்டினபின் கூத்துப் பழக்கம். கோயில் வீதியில் வட்டமாக மண்ணை உயர்த்திய களரி. நடுவில் கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு, பக்கத்தில் சல்லரிக்காரர். சுற்றிவர நான்கு பக்கமும் சனம். குழந்தைகள் பாயில், கிழவிகள் கதிரையில், இளவட்டங்கள் மதிலில். கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. பழகுவது வடமோடியில் பதினெட்டாம் போர். வடமோடிக்குப் போர்க்கதையும் வீரமும், தென்மோடிக்குக் காதலும் நுணுக்கமான ஆட்டமும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அரங்கேற்றத்துக்கு வடமோடி அரசர்கள் கரப்புடுப்பு உடுத்துவார்கள். பழக்கத்தில் எல்லாரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டுதான் ஆடினார்கள். துரியோதனன் மேசன். வீமன் கடற்படை முகாமுக்கு மரக்கறி கொண்டுபோகிறவர். ஓட்டோத் தம்பி திரௌபதியாக வந்து நின்றபோது, காலையில் என்னிடம் மீதிக் காசுக்குத் தடுமாறிய அந்த முகம் எங்கே போனது என்று தேடினேன். தோளையும் கண்ணையும் வைத்தே ஒரு பெண்ணின் கோபத்தைக் கொண்டுவந்தார்.

அண்ணாவியார் வாயால் தாளக்கட்டைச் சொல்லச் சொல்லக் கால்கள் அதற்குள் இறங்கின. வீசாணம், எட்டு, பொடியடி, நாலடி. ஒருவர் பிழைத்தால் மத்தளம் நிற்கும். கடிந்துகொள்வதில்லை. மறுபடியும் முதலிலிருந்து. துரியோதனன் ஒரே வரவை, களரிக்குள் நுழைகிற ஆட்டத்தை, ஏழுமுறை ஆடினார். ஏழாம் முறை சரிவந்ததும் சனம் பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை, ஒரு கிழவி மட்டும் “ம்” என்றார். அந்த ‘ம்’முக்காகத்தான் அவர் ஏழுமுறை ஆடினார் என்று எனக்குப் பட்டது.

மத்தள அண்ணாவியாருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். கையில் ரோச் லைற், மற்றக் கையில் சீ.ஆர். கொப்பி. இவர் ஏட்டண்ணாவியார். ஆடுகிறவர் வரியை மறந்தால் மூச்சு விடுகிற இடைவெளிக்குள் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும், பிந்தினால் தாளம் போய்விடும். முந்தி அவர் கையில் ஓலை ஏடு இருந்தது, அதனால் அந்தப் பெயர்.

இடைவேளையில் தேத்தண்ணி வந்தது. கொப்பியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தந்தார். மணிமணியான எழுத்து. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே தரு, விருத்தம், கந்தார்த்தம் என்று குறிப்பு. பக்கங்களில் புகையிலை மணம்.

“இது எத்தனையாவது கொப்பி ஐயா?”

“எனக்கு இது மூணாவது மள. ஓலையில இரிந்தத அப்பா கொப்பியில பாத்து எழுதின. அதக் கறையான் திண்டிட்டு. நான் அதுக்கு முன்னமே ஒண்டு எழுதி வச்சிரிந்தன். தொண்ணூறில ஊர விட்டு ஓடக்குள்ள நெல்லு, மாடு எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் போன. கொப்பிய மட்டும் சொப்பின் பையில சுத்தி மடியில கட்டின. காட்டுக்குள்ள மழை. திரும்பி வந்து விரிச்சா, பாதி மை கரைஞ்சிட்டு.”

“பிறகு?”

“பொறவென்ன, ஆடின ஆக்களக் கூப்பிட்டன். ஒவ்வொருத்தரும் அவங்கட அவங்கட பாட்டப் பாடினாங்க. நான் எழுதினன். வீமனுக்கு ஆடினவர் இல்ல, அவர் செத்துப்போனார். அவர்ட பொஞ்சாதி பாடினா. கூத்தாட அந்தக் காலத்தில பொம்புளைகள விடமாட்டாங்க. ஆனா மனுசி மனிசன் வீட்டில பழகக்குள்ள கேட்டுக் கேட்டு முழுப்பாட்டும் பாடம்.”

நான் கொப்பியை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன்.

கூத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஒரு வரிசை தெரியும். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். அங்கே மாணவராக ஆடிய சி. மௌனகுரு பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வு செய்து, இன்றுவரை அதிலேயே இருக்கிறார். விடிய விடிய ஆடிய கூத்து மணிக்கணக்குக்குச் சுருங்கிக் கொழும்பும் யாழ்ப்பாணமும் பார்க்கக் கூடியதாயிற்று. கூத்தை அந்தந்த ஊரிலேயே, ஊர்ச்சனத்தோடு இருந்து மீளுருவாக்க வேண்டும் என்று சீலாமுனையில் சி. ஜெயசங்கர் தொடங்கிய வேலை வேறொரு வழி. இரண்டு பக்கத்துக்கும் நான் நன்றி சொல்வேன். முதல் வழி இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களுக்குக் கூத்து என்ற சொல்லே வந்து சேர்ந்திருக்காது. ஆனால் இன்றிரவு களரியில் இருந்துவிட்டுச் சொல்கிறேன், அந்த ஏழாவது வரவை எந்த மண்டபத்திலும் காட்ட முடியாது. அவரவர் பாட்டை எழுதிச் சட்டம் கொடுப்பதிலிருந்து, சதங்கை அணிந்து, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அரங்கேற்றி, பிறகு வீடுவீடாகப் போய் ஆடி முடிக்கும்வரை போகிற மாதங்கள்தான் கூத்து. அந்த மாதங்களில் அவர்கள் வேளாண்மையும் செய்கிறார்கள், மேசன் வேலைக்கும் போகிறார்கள்.

கொப்பியை நகல் எடுத்து ‘நூலகம்’ என்ற இணையத் தொகுப்பில் போடக் கொடுக்கலாமா என்று போகும்போது கேட்டேன். 2005 தொடக்கம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் படியெடுத்து எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறவர்கள் அவர்கள். ஏட்டண்ணாவியார் யோசித்தார். “படம் எடுங்க மள. கறையானுக்குப் பயந்தது போதும். ஆனா பாட்டக் கேக்காமக் கொண்டு போகப்படாது. எழுத்தில இழுவை இல்ல.”

அதனால் அவர் பாட, நான் போனில் பதிந்தேன். மணி ஒன்றரை. இதை எழுதுவது விடியப்புறம் நாலு மணிக்கு.

ஐந்தாம் நாள்

நித்திரை இல்லை. ஆனாலும் மாமி விடவில்லை. காரைதீவுக் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிறது, இன்றைக்குப் போகாவிட்டால் பிறகு கிடைக்காது. கல்முனை பஸ்ஸில் ஏறினோம்.

வழியில் காத்தான்குடியில் இறங்கினோம். பெருந்தெரு நடுவில் பேரீச்ச மரங்கள் வரிசை. மாமிக்கு வழக்கமான ஒரு கடையில் மஸ்கட் செய்வதைப் பின்கட்டில் காட்டினார்கள். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக் கழுவி அதன் பாலைப் பிரித்து, தெளிய விட்டு, சீனியும் நெய்யும் சேர்த்துக் கிண்டுகிறார்கள். கண்ணாடி போல ஆகும்வரை கை நிற்கக்கூடாது. பக்கத்துத் தாச்சியில் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் சர்க்கரையுமாகத் தொதல் இறுகிக்கொண்டிருந்தது. கடைக்கார நானா, “இந்த மாமிட உம்மாவும் எங்கட உம்மாவும் ஒரே வட்டைக்குள்ள கதிர் பொறுக்கின ஆக்கள்” என்று தொதலில் ஒரு துண்டு கூடுதலாக வெட்டி வைத்தார். தாய்வழியில் குடி எண்ணுகிற வழக்கம் இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. இதே தெருவுக்கு அப்பால் 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்ட பள்ளிவாசல் இருக்கிறது. சுவரில் தோட்டா பட்ட இடங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. திரும்பி வந்தபோது நானா இரண்டு கதிரை எடுத்துப் போட்டுத் தண்ணீர் தந்தார்.

பஸ் ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி தாண்டி அம்பாறை மாவட்டத்துக்குள் போனது. பெரிய நீலாவணை. கவிஞர் நீலாவணனின் ஊர். அவர் 1975இல் போய்விட்டார். வேளாண்மை செய்கிறவர்களின் வாழ்க்கையை ‘வேளாண்மை’ என்றே காவியமாக எழுதியவர். யன்னலுக்கு வெளியே அந்தக் காவியம் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது மருதமுனை. தெருவிலிருந்தே தறிச் சத்தம் கேட்கும் என்று சொன்னார்கள், ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்தபோது கேட்டது. நாடா போய்வருகிற சத்தமும் மிதியின் சத்தமும் மாறி மாறி. எனக்கு நேற்றைய மத்தளம் காதில் இருந்ததால் அதிலும் ஒரு தாளக்கட்டைத் தேடினேன். அப்பாவுக்கு ஒரு சாரம் வாங்கினேன், கரும்பச்சை.

காரைதீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். மாமியின் தங்கை வீட்டில் சாப்பாடு. சடங்கு முடியும்வரை அந்த வீட்டில் மீன் இல்லை. பூசணிக்காய்ப் பால்கறி, பருப்பு, கீரை. கல்யாணக்கால் நட்டாயிற்று, குளிர்த்திக்கு இன்னும் நாள் இருக்கிறது. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் வெப்பம் தணியத்தான் குளிர்த்தி. அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் கோயிலில் வழக்குரை படிப்பார்கள்.

வழக்குரை என்பது கண்ணகி வழக்குரைக் காவியம். கடலோட்டு காதை, கலியாணக் காதை, வழக்குரைத்த காதை என்று போகும். கோவலன் கதைதான், ஆனால் சிலப்பதிகாரத்தில் இல்லாத கடற்பயணமும் சண்டையும் சேர்ந்து, இந்தக் கரையின் சனத்துக்காகப் பாடியது. பல ஊர்களில் ஏடாகக் கிடந்ததைத் தொகுத்துப் பதிப்பித்தவரும் நேற்று முன்தினம் நான் தொடப் பயந்த புத்தகத்தை எழுதிய அதே வீ.சீ. கந்தையா. அச்சுப் புத்தகம் இருக்கிறது. ஆனாலும் கோயிலில் படித்த பெரியவர் சிவப்புப் பட்டுத்துணியைப் பிரித்து எடுத்தது கையெழுத்துக் கொப்பி. உடுக்குத் தட்ட, அவர் ஒரு அடி படிக்க, இன்னொருவர் வாங்கிப் படித்தார். கோவலன் சிலம்போடு மதுரைத் தெருவில் நடக்கிற இடம் வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் மடியில் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு, முணுமுணுப்பாக, “போகாத மனே” என்றார். ஒவ்வொரு வைகாசியிலும் போய்க்கொண்டேயிருக்கிற கோவலனிடம்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. யாழ் நூல் முழுதும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் இருபத்தைந்து அடிகளுக்கு விரித்த விரிவு. அதை எழுதியவர் இந்த ஊரில், 1892இல், மயில்வாகனமாகப் பிறந்தவர். கொழும்பில் படித்து, கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்து, துறவியாகி, அண்ணாமலையில் பேராசிரியராகி, பதினான்கு ஆண்டு அந்த இருபத்தைந்து அடிகளோடு இருந்தார். இந்தக் கோயில் முற்றத்தில், யாருடைய மடியிலோ இருந்துகொண்டு, ஒரு பிள்ளை வருடா வருடம் இந்தக் கதையைக் கேட்டிருக்கும். அந்தப் பிள்ளையின் காதுக்குள் எது முதலில் போனது என்று நாங்கள் ஆய்வுக் கட்டுரை எழுதத் தேவையில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை.

ஆறாம் நாள்

இரவு ரயிலுக்குப் போக வேண்டும். பையில் நாலு புத்தகம், ஒரு சாரம், இரண்டு பெட்டி மஸ்கட், போனில் ஏட்டண்ணாவியாரின் குரல். மிச்சம் ஏழு புத்தகத்துக்கும் எழுதியவர்களின் வீடுகளை விசாரித்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரிடம் இன்று காலை நேரிலேயே போனேன். ஒருவர் கட்டிலுக்கு அடியிலிருந்து புத்தகக் கட்டை இழுத்து, தூசி தட்டி, “கொழும்பில இதக் கேக்கிற ஆக்கள் இரிக்காங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இருக்கிறார்கள் ஐயா. பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். பத்துப் பிரதிக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன், பார்சல் பஸ்ஸில் வரும்.

பின்னேரம் கடைக்குப் போய் நூற்றறுபது பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். மாமியின் கொப்பியைப் படம் எடுத்தாயிற்று. ஆனால் ஏட்டண்ணாவியாரின் அப்பா செய்ததைப் போல, பார்த்து எழுதவும் வேண்டும் என்று இருந்தது. குசினி மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன். மாமி கூனியை வறுத்துக்கொண்டே ஒவ்வொரு கவியையும் பாடினார். தேங்காய்ப்பூவும் கொச்சிக்காயும் சேர்த்துக் கூனிச் சம்பல் இடித்து, பிட்டோடு கட்டித் தந்தார், ரயிலில் சாப்பிட.

பதினெட்டாவது கவியில் நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“இதென்ன புள்ள, ‘மச்சான்’ எண்டு பொசுக்கெண்டு முடிச்சிட்டாய்? அவன் வட்டைக்கு அங்கால நிக்கான். கேக்க வேணாமா?”

“எப்படி மாமி எழுதுறது?”

“அங்கால கேக்கிற மாதிரி எழுது.”

‘ச்சா’வுக்குப் பக்கத்தில் மூன்று ‘ஆ’ போட்டேன். அவர் பாடிப் பார்த்தார். போதாது என்றார். இன்னும் இரண்டு போட்டேன்.